முதல் பதில்

அண்ணனின் சலவைக்கடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாலே அவளுக்குக் கண் சொக்கும். இஸ்திரிப்பெட்டியிலிருந்து எழும் ஆவி, கொடியில் மெல்ல அசையும் வெள்ளை விரிப்புகள், பின்கட்டில் கிணற்று மோட்டாரின் முனகல். தலை நரைத்த பிறகும் அண்ணனுக்கு அவள் பாப்பாதான்.

"பாப்பா, உங்க கம்பெனி இன்னும் ரெண்டு போர்வெல் போடப் போகுதாமே. என் கிணறு தாங்குமா? கடை இங்கயே இருக்கலாமா, வேற இடம் பார்க்கணுமா? அதை மட்டும் சொல்லு."

"தெரியலைண்ணா."

"கம்பெனிக்கு வாயே நீதான். உனக்கே தெரியலையா?"

சத்தியமாக அவளுக்குத் தெரியவில்லை. முன்பென்றால் தெரிந்திருக்கும்.

தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கும் வெளிநாட்டுக் கம்பெனியில் அவளுக்கு மக்கள் தொடர்பு வேலை. அரசு அலுவலக வராந்தாக்களில் காத்துக் கிடப்பாள், பத்திரிகைக்காரர்களுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்வாள். அதில் அவளுக்குப் பிடித்தது ஒத்திகைதான். பொதுக்கூட்டத்துக்கு முன்னால் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவர் ஊர்க்காரராக மாறிக் கேள்வி கேட்பார். அதிகாரிகள் பதில் சொல்லிப் பழகுவார்கள். ஊர்க்காரர் எப்போதும் அவள்தான். அண்ணனை அப்படியே உரித்து வைப்பாள். அதே தொண்டைச் செருமல், அதே "அதை மட்டும் சொல்லுங்க." அங்கே ஒரு வழக்கம் உண்டு. முதல் பதிலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும். அதைத் தேய்த்து மெழுகி, நாலைந்து தடவை மாற்றிய பிறகு மிஞ்சுவதுதான் வெளியே போகும்.

பிறகு காலம் மாறியது. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் தண்ணீருக்காக ஜனங்கள் தெருவில் இறங்கினால், மறுநாளே அந்தக் கோஷம் இங்கே கைபேசிக்கு வந்துவிடும். அரண்டுபோன தலைமையகம் எல்லா நாட்டுக்கும் ஒரே வாசகம் என்று முடிவு கட்டியது. காலையில் திரையைத் திறந்தால், எந்த ஊரில் எவ்வளவு கோபம் என்று சிவப்பும் மஞ்சளுமாகத் தெரியும். இப்படியும் ஒரு பிழைப்பு! ஊர்க்காரர் வேஷமும் ஒரு மென்பொருளுக்குப் போய்விட்டது. அது கேட்பதும் பெரிய அதிகாரி சொல்வதும் கடலுக்கு அந்தப் பக்கமே முடிந்துவிடும். அவளுக்கு வருவது கடைசிப் பதில் மட்டும்தான். அதைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வேண்டும்.

போர்வெல் பற்றிய பொதுக்கூட்டம் ஒரு மத்தியானத்தில் நடந்தது. கூடம் புழுங்கியது. மேடைத் திரையில் பெரிய அதிகாரியின் முகம். அவர் ஊரில் அப்போதுதான் விடிகிறது. பல வருஷம் இங்கே அவளோடு ஒத்திகை பார்த்துவிட்டு, தலைமையகத்துக்குப் போன மனிதர் அவர். கேள்விகளை வாங்கி அவரிடம் சொல்வதற்காக, மைக் அவள் கையில் இருந்தது.

அண்ணன் எழுந்தார். மேடையில் தங்கையைப் பார்த்தார். நாலு பேர் முன்னால் அவளைச் சங்கடப்படுத்த மனசு வரவில்லை. தொண்டையைச் செருமிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மின்விசிறிகளின் இரைச்சல் கிணற்று மோட்டாரின் முனகல் போலக் கேட்டது. கூடம் கரைந்து பழைய ஒத்திகை அறையானது. அவளும் தொண்டையைச் செருமினாள்.

"ஐயா, நான் சலவைக்கடைக்காரன். நீங்க போர்வெல் போட்டா என் கிணறு தாங்குமா, தாங்காதா? அதை மட்டும் சொல்லுங்க."

பழகிய குரல். தூக்கக் கலக்கத்தில் இருந்த அதிகாரி யோசிக்கவே இல்லை.

"தாங்காது. ரெண்டு கோடையில வத்திடும். நம்ம ஆய்விலயே இருக்கே. சரி, இதை எப்படி மாத்திச் சொல்லலாம்?"

அதற்குப் பிறகுதான் அவர் கண்ணை நன்றாகத் திறந்து எதிரே இருந்த ஜனங்களைப் பார்த்தார். திரை அணைந்தது.

வேண்டுமென்றே கேட்டாளா, மயக்கத்தில் வாயில் வந்துவிட்டதா என்று இன்றுவரை அவளுக்கே தெரியாது. கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. போர்வெல் விஷயத்தை விசாரிக்கப்போவதாக எல்லா நாட்டிலும் ஒரே வாசகம் வெளியானது.

அண்ணன் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. முக்காலியில் ஏறிக் கடைப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அவசரப்படாதீங்கண்ணா. விசாரிக்கிறோம்னு சொல்றாங்களே."

"அந்த ஆள் அரைத்தூக்கத்துல சொன்னதே எனக்குப் போதும். நீ அந்த முனையைப் பிடி."

பிடித்தாள்.

"என்னால உனக்கு வேலை போச்சே பாப்பா. புதுக் கடையில வந்து உட்காரு."

இப்போது அவள் அங்கேதான் உட்காருகிறாள். முதல் நாளே ஒருவர் சட்டையை விரித்துக் காட்டினார்.

"இந்தக் கறை போகுமாம்மா?"

முழுசாகப் போக வாய்ப்பு குறைவு, எங்களால் முடிந்த அனைத்தையும் செய்வோம் என்று பழைய வாசகம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு அவள் சொன்னாள்.

"போகாதுங்க."