எருக்கலை நட்ட பள்ளிக்கூடம்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: அதிபர் ரீச்சர், நான், மற்ற இரண்டு ஆசிரியைகள், அப்பியாசக் கொப்பி சும்மா கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி வந்த ஐந்து தாய்மார், மில்லுக்கார அக்கா, மழைக்கு ஒதுங்கிய ஓர் ஆடு. வராதவர்கள்: பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர், பொருளாளர், ஊரிலுள்ள தகப்பன்மார் அத்தனை பேரும், வண்ணத்துப்பூச்சிகள். கொப்பி இல்லையென்று தெரிந்ததும் தாய்மாரில் மூன்று பேர் எழும்பிப் போய்விட்டார்கள். ஆடு கடைசிவரை இருந்தது.

சாவகச்சேரியிலிருந்து உள்ளுக்கு, பஸ் வந்தால் வந்தது என்ற ஓர் ஊரில் எங்கள் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். போன வருடம் முதலாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருத்தி அதிபர் ரீச்சரின் தங்கச்சி பெற்ற பெறாமகள். வாற தை மாதம் பத்துப் பேராவது சேராவிட்டால் பள்ளிக்கூடத்தைப் பூட்டி, பிள்ளைகளை அடுத்த ஊருக்கும் எங்களைக் கண்காணாத இடங்களுக்கும் அனுப்பிவிடுவார்கள் என்று கதை. கதை என்றால் கதையில்லை, கடிதமே வந்திருந்தது.

அதிபர் ரீச்சர் தன் கைபேசியில் ஒரு படம் காட்டினார். வேறெங்கோ ஒரு பள்ளிக்கூடம். பூக்களுக்கு நடுவில் பிள்ளைகள், பிள்ளைகளின் தலையில் வண்ணத்துப்பூச்சிகள், படத்துக்குக் கீழே ஆயிரம் பேர் போட்ட இதயங்கள்.

"தம்பி, நீர் விஞ்ஞானம் படிச்சனீர். தைக்கிடையிலை எங்களுக்கும் கொஞ்சம் பூச்சி பிடிச்சுத் தாரும்" என்றார்.

எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்துப் படி ஏறி, இறங்காமல் மேலே போன முதல் ஆள் நான். அப்பா தன் பெயரை மட்டும் எழுதுவார், அம்மா பெருவிரல் வைப்பார். படிப்பினால் எனக்குக் கிடைத்தவை இரண்டு: ஒரு பட்டம், எதைச் செய்தாலும் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்ற வியாதி. மற்றவன் என்றால் நாலு செவ்வரத்தையை நட்டுப் பலகை ஒன்றை அடித்திருப்பான். நான் எழும்பி நின்று விளக்கம் கொடுத்தேன். பூ என்பது வண்ணத்துப்பூச்சிக்குத் தேத்தண்ணிக் கடை. தேத்தண்ணிக் கடையில் யாரும் பிள்ளை பெறுவதில்லை. அதற்கு ஆஸ்பத்திரி வேண்டும். முட்டையிடவும் புழு தின்னவும் ஏற்ற இலையுள்ள மரங்களை நட்டால்தான் பூச்சி தங்கும்.

"பள்ளிக்கூடத்திலை பிள்ளைப்பேறு பாக்கப்போறார் சேர்" என்றார் மில்லுக்கார அக்கா. கூட்டம் அத்துடன் கலைந்தது.

மில்லுக்கார அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவரிடம் மிளகாயும் அரிசியும் அரைக்கிற மில் ஒன்று இருக்கிறது. முதலாம் வகுப்புக்குப் போகிற வயதில் இரட்டைப் பெண்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மெசின் சத்தத்துக்கு மேலால் அவர் ஒரு சொல்லைச் சொன்னால், பொழுதுபடுமுன் அது தூளோடு சேர்ந்து நாலு தெருவுக்கும் ஒழுங்கைக்கும் போய்விடும். அவர் தன் பிள்ளைகளை எங்கே சேர்க்கிறாரோ, ஒழுங்கைச் சனம் அங்கேதான் சேர்க்கும். இது அதிபர் ரீச்சருக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும்.

முதலில் கறிவேப்பிலை நட்டேன். சத்துணவு சமைக்கிற அக்கா அதைப் பருப்புக்குப் போட்டுவிட்டார். தேசிக்கன்று நட்டேன். கூட்டத்துக்கு வந்த அதே ஆடு வந்து, நிகழ்ச்சி நிரலின்படி அதைத் தின்றுவிட்டுப் போனது. ஆடும் தின்னாத, பருப்புக்கும் போடமுடியாத மரமாகப் பார்த்து மூன்றாவதாக எருக்கலையைத் தேர்ந்தெடுத்தேன். செம்மஞ்சள் நிறத்தில் கறுப்பு ஓரம் வைத்த வண்ணத்துப்பூச்சி எருக்கலையில்தான் முட்டையிடும். சனம் திரும்பி வராத ஒரு வீட்டின் விறாந்தையில், சீமெந்து வெடிப்புக்குள், முழங்கால் உயரத்தில் மூன்று கன்றுகள் நின்றன. மழை ஈரத்தோடு ஆணிவேர் அறாமல் கிண்டி எடுத்து வந்து நட்டு, பால் கண்ணில் படக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி, சுற்றிவரக் கம்பிவலையும் அடித்தேன். பெருமையாக இருந்தது. அடுத்த நாள் காலையில் மில்லுக்கார அக்கா வந்து வலைக்கு வெளியே நின்றார்.

"சேர், உது என்ன?"

"எருக்கலை, அக்கா."

"அது தெரியுது. ஆர் நட்டது?"

"நான்தான்."

"தம்பி" என்றார். சேர் தம்பியாக இறங்கினால் அடுத்தது என்னவென்று இந்தப் பக்கத்தில் படிப்பிக்கிறவர்களுக்குத் தெரியும். "தம்பி, உனக்கென்ன விசரே? ஒருத்தன் நாசமாய்ப் போகோணுமெண்டு திட்டேக்கை சனம் என்ன சொல்லுறது? உன்ரை வீட்டிலை எருக்கலை முளைக்க எண்டெல்லோ? நீ அதைத் தண்ணி ஊத்தி வளக்கிறாய். அதுவும் பூட்டப்போற பள்ளிக்கூடத்திலை! வலையும் அடிச்சுக் காவலும் வைச்சிருக்கிறாய்!"

எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. எங்கள் அம்மா அந்த வசனத்தை என் பெரியம்மாவைப் பார்த்து எத்தனை தரம் சொல்லியிருப்பார்! பட்டப்படிப்பு என்பது தெரிந்ததை மறக்கப் பழக்குகிற ஒரு பயிற்சி.

"என்ரை ரெண்டு பிள்ளையளையும் நான் சாவகச்சேரிப் பள்ளிக்கூட வானிலேயே ஏத்துறன்" என்று அக்கா திரும்பினார். அவருக்குப் பின்னால் நின்ற அதிபர் ரீச்சர் இரண்டு கைகளையும் கூப்பி, கண்ணால் என்னைக் கெஞ்சினார். அந்தக் கூப்பிய கையைப் பார்த்துத்தான் எனக்கு அது தோன்றியிருக்கவேண்டும்.

"அக்கா, இது ஊதா எருக்கலை இல்லை. வெள்ளெருக்கலை. பிள்ளையாற்ரை மரம்."

அக்கா நின்றார். "மெய்யே?"

"ஓம்."

கன்றுகளில் மொட்டின் அடையாளமே இல்லை. அது வெள்ளையாகப் பூக்குமா ஊதாவாகப் பூக்குமா என்று எனக்கு எப்படித் தெரியும்? விஞ்ஞானத்தில் இப்படிச் சொல்வதைக் கருதுகோள் என்போம். மில்லில் இதற்குப் பொய் என்று பெயர்.

அக்கா செருப்பைக் கழற்றினார். "அப்ப வெள்ளையாய்ப் பூக்கட்டும். பூத்தால் தையிலை ரெண்டையும் இஞ்சை சேர்க்கிறன். ஒழுங்கைச் சனத்தையும் கூட்டி வாறன். ஊதாவாய்ப் பூத்துதோ..." என்றவர், கழற்றின செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்.

அது பிள்ளையார் கதை படிக்கிற காலம். இருபத்தொரு நாள் விரதக்காரர் பசியோடு இருப்பார்கள். பக்தியும் கோபமும் அவர்களுக்கு ஒரே அடுப்பில் வேகும். அடுத்த நாள் ஒரு சின்னக் கல்லுப் பிள்ளையார் பெரிய கன்றின் அடியில் வந்து குந்தினார். மூன்றாம் நாள் அவருக்குச் சால்வை. ஒரு கிழமையில் தகரக் கொட்டில், மணி, கற்பூரத் தட்டு. 'வண்ணத்துப்பூச்சித் தோட்டம்' என்று நான் வர்ணத்தில் எழுதி நட்ட பலகையில் யாரோ திருநீறு பூசிவிட்டிருந்தார்கள். எங்கள் ஆட்களிடம் ஒரு கிணற்றைக் கொடுத்தாலும் ஒரு பஸ் தரிப்பிடத்தைக் கொடுத்தாலும் மூன்று மாதத்தில் அதைக் கோயிலாக்கித் திருப்பித் தருவார்கள். பூச்சித் தோட்டத்துக்கு ஒரு கிழமை போதுமாயிருந்தது.

நான் பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளில் போய், கண்டி வீதியோரம் நின்ற எருக்கலைகளை எல்லாம் பார்த்தேன். கொடிகாமம் வரைக்கும் ஊதா. திரும்பி வரும்போதும் ஊதா.

வீட்டில் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்குத் தொழில் மருந்தடிப்பது. முதுகில் மெசினைப் போட்டுக்கொண்டு, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஊரூராகக் கூலிக்கு மருந்தடிப்பார். புழுவைக் கொன்றுதான் எங்கள் வீட்டில் என்னைப் படிப்பித்தார்கள்.

"படிச்சு முடிச்சு இப்ப என்ன செய்யிறாய்?" என்று கேட்டார், தெரியாதவர் போல.

"புழு வளக்கிறன்."

"நல்லது. நான் புழு முழுக்கச் சாக்காட்டி முடிச்சிட்டால் பேந்து பிழைப்புக்கு என்ன செய்யிறது? நீ வளத்துவிடு, நான் அடிக்கிறன். குடும்பத் தொழில்."

பிள்ளையார் கதை முடிகிற நாட்களில் பூச்சி வந்தது. ஒன்றே ஒன்றுதான். இலைக்கு இலை குந்தி, ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போனது. பிறகு புழுக்கள்: கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்டு, கொம்பு வைத்து, பார்க்க வடிவாகத்தான் இருந்தன. பிள்ளைகள் தினமும் இடைவேளையில் கணக்கெடுத்தார்கள். முதலாம் நாள் ஒன்பது, கடைசி நாள் இருபத்தாறு. கூட்டல் படிப்பிக்க இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. அதே நாட்களில்தான் நுனிகளில் மொட்டுக் கொத்துகளும் வந்தன. பச்சையாக, இறுகி மூடி, எந்த நிறம் என்றும் சொல்லாமல்.

"ஐயோ, பிள்ளையாற்ரை மரத்தைக் கோதாரிப் புழுவெல்லோ தின்னுது!" மில்லுக்கார அக்கா வலையடியில் நின்று கத்தினார்.

"அக்கா, புழு தின்னத்தானே மரம் நட்டது."

"பிள்ளையாற்ரை மரமெண்டு சொன்னது ஆர்? நீங்கள்தானே? இண்டைக்கே மருந்தடிக்க ஆளைக் கூப்பிடுறன்."

அதிபர் ரீச்சர் என்னைப் பார்த்து மறுபடி கையைக் கூப்பினார். தைக்கு மூன்று கிழமை இருந்தது.

நான் நாலாம் வகுப்பில் நின்றபோது சைக்கிள் ஒன்று கேற்றடியில் வந்து நின்ற சத்தம் கேட்டது. அந்தச் சைக்கிளின் சங்கிலிச் சத்தத்தை எனக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும். அப்பா மெசினை இறக்கி வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குள் அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"எங்கை சேர் அடிக்கிறது?" என்று என்னைக் கேட்டார்.

சேர் என்றார். பகிடியா, என் மானத்தைக் காப்பாற்றினாரா தெரியாது. அவர் என் அப்பா என்று அந்த இடத்தில் மில்லுக்கார அக்காவிடம் நான் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. கை கொட்டில் பக்கம் நீண்டது, "உங்கை" என்று மட்டும் வாயில் வந்தது. அந்தக் காலையில் நான் சொன்னது அதுதான். இன்றுவரைக்கும் அதற்கு ஒரு சாட்டும் என்னிடம் இல்லை.

அப்பா கொட்டிலுக்குப் பக்கத்தில் குந்தினார். புழுவைப் பார்த்தார். பிறகு ஒரு மொட்டைக் கிள்ளி, நகத்தால் உரித்து, உள்ளே பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். மொட்டை மடிக்குள் போட்டுக்கொண்டார்.

"வெள்ளைதானே அண்ணை?" என்று கேட்டார் அக்கா.

"பூத்தால் தெரியும் பிள்ளை. புழு மொட்டையும் தின்னுது போலை."

"அதுக்குத்தானே உங்களைக் கூப்பிட்டது."

அப்பா குழாயடியில் மெசினை நிரப்பி, பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து ஆட்டிப் பார்த்து, மெசினை மூடினார். அடித்தார். இலைக்கு மேலும் கீழும், தண்டுக்கும், ஒரு புழுவும் விடாமல். பிள்ளைகள் யன்னலுக்குள்ளால் பார்த்து அழுதார்கள். இரண்டு பேர் எனக்குப் பழிப்புக் காட்டினார்கள். அப்பா அக்காவிடம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாவை எண்ணி வாங்கி, "வாறன் சேர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் இருபத்தாறு புழுக்களும் குளித்து முழுகியது போலப் பளபளவென்று நின்று தின்றுகொண்டிருந்தன.

இரவு சாப்பிடும்போது கேட்டேன். "என்ன மருந்து அடிச்சனீங்கள்?"

"தண்ணி."

"ஏன்?"

அப்பா புட்டைப் பிசைந்துகொண்டே சொன்னார். "மருந்தடிச்சால் புழு சாகும். புழு செத்தால் மொட்டுப் பூக்கும். பூத்தால் ஊதா. ஊதாவெண்டால் உன்ரை பள்ளிக்கூடம் பூட்டு. இதுக்கும் பட்டம் வேணுமே?"

"காசு வாங்கினனீங்களே?"

"பேந்து? அடிச்சது தண்ணி எண்டு சொல்லிப்போட்டு வாறதே?"

அப்பாவின் கணக்கைப் புழுக்கள் நாலே நாளில் செய்து முடித்தன. மொட்டு ஒன்றும் மிஞ்சவில்லை. மூன்று மரமும் கைவிட்ட குடைபோல நின்றன. பிறகு புழுக்களையும் காணவில்லை. மருந்து நல்லாய் வேலை செய்திருக்கிறது என்று அக்கா மில்லில் சொன்னார். அவை தகரக் கொட்டிலின் உட்பக்கத்தில், பிள்ளையாரின் தலைக்கு மேலே, பொன் புள்ளி வைத்த பச்சைக் கூடுகளாகத் தொங்கியதை நானும் பிள்ளைகளும் மட்டும்தான் கண்டோம். பல்லி தின்றது போகப் பதினொன்று.

சேர்க்கைக்கு மூன்று நாள் இருக்கும்போது முதல் கூடு வெடித்தது. அடுத்தடுத்து மற்றவையும். ஈரச் சிறகோடு ஒன்று பிள்ளையாரின் துதிக்கையில் குந்தியிருந்ததை யாரோ படம் எடுத்து அனுப்ப, அது லண்டன் வரைக்கும் போய்விட்டது. 'பிள்ளையாற்ரை அற்புதம்' என்றது சனம். பூவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை. தன் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து முதல் ஆளாகப் பெயர் பதிந்தார். அவருக்குப் பின்னால் நின்றவர்களோடு பதின்மூன்று பேர். பூட்டுவதாக வந்த கடிதத்தை அதிபர் ரீச்சர் மடித்து, ஆடுகிற மேசைக்காலுக்குக் கீழே வைத்தார்.

மாசியில் எருக்கலை மறுபடி தளிர்த்தது. மொட்டும் வந்தது. புழு இல்லாத காலம். பூக்கும் என்று கணக்குப் பார்த்த நாளில், விடிந்ததும் போய்க் கிள்ளி எறிந்துவிடலாம் என்று வேளைக்கே போனேன். எனக்கு முன்னமே மில்லுக்கார அக்கா பூத்தட்டோடு நின்றார். மரத்தில் பூத்திருந்தது. ஊதா. கத்தரிக்காய் ஊதா.

"அக்கா..." என்றேன்.

"வெள்ளைதான் சேர்" என்றார் அவர், பூவைப் பறித்துக்கொண்டு.

"அக்கா, இது வந்து..."

"வெள்ளை எண்டு சொல்லுறன். சுத்த வெள்ளை. உங்கடை அப்பர் அடிச்ச மருந்தைப்போலை."

அக்கா அடுத்த பூவைப் பறித்தார்.

"மணமில்லாத மருந்தைக் கண்டு ஏமாறுவனே, நான் மிளகாய் அரைக்கிறவளெல்லோ. மூக்குக்குத் தெரியாதே? உங்கடை ரெண்டுபேற்ரை முகத்தையும் பாத்தாலும் தெரியும், ஒரே அச்சு. சாவகச்சேரி வானுக்கு ரெண்டு பிள்ளையளுக்கும் மாசம் மாசம் ஆர் காசு குடுக்கிறது? சும்மா நில்லாமல் அந்தச் செம்பை எடுங்கோ. அப்பரையும் ஒருநாளைக்கு வந்து பிள்ளையாரைக் கும்பிடச் சொல்லுங்கோ. காசு வாங்கினவரெல்லே."

ஊதாப் பூவைப் பிள்ளையாரின் தலையில் வைத்தார். பிள்ளையாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கறிவேப்பிலை, தேசிக்கன்று, கம்பிவலை, பலகை, வர்ணம், தகரக் கொட்டில், மணி என்று ஆசிரியர்களும் ஒழுங்கைச் சனமும் போட்டதில் எங்கள் வண்ணத்துப்பூச்சித் தோட்டத்துக்குக் கடைசியாக முடிந்தது முப்பத்தோராயிரத்து நானூறு ரூபா. அதில் ஆயிரத்து ஐந்நூறு தண்ணிக்கு.