ஜெயசீலியின் ஜெபக்குறிப்பு

ஜெயசீலிக்குக் கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகிறது. இந்தப் பதினாறு வருடத்தில் அவளுக்குப் பிள்ளை பிறக்க வேண்டும் என்று ஜெபிக்காதவர்கள் தாம்பரம் வட்டாரத்தில் யாரும் பாக்கியில்லை. சபையில் புதிதாகச் சேர்ந்தவர்கள்கூட அவள் பெயரைக் கேட்பதற்கு முன்பே குறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கண்ணை மூடிவிடுவார்கள். சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் அவள். கருவுறுதல் பாடத்தை வருடா வருடம் முகம் மாறாமல் நடத்திவிட்டு, ஸ்டாஃப் ரூமில் வந்து தண்ணீர் குடிப்பாள்.

புருஷன் ஜெபசீலன் திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தான். நல்ல மனுஷன், பேச்சு குறைவு. ஆஸ்பத்திரிகள் கைவிரித்த பிறகு, நாலு வருடத்துக்கு முன்னால் இருவரும் தத்தெடுப்பதற்கான அரசு இணையதளத்தில் பதிந்து வைத்தார்கள். பெண் குழந்தை, ஒரு வயதுக்குள். அதன் பிறகு காலையில் பைபிளைத் திறக்கிறாளோ இல்லையோ, அந்த இணையதளத்தைத் திறந்து வரிசையில் தன் இடத்தைப் பார்க்காமல் ஜெயசீலி பல் துலக்கியதில்லை. வரிசை நகருவேனா என்று உட்கார்ந்திருந்தது.

போன வருடம் பினாங்கில் அவள் தங்கை ஜோவிதாவும் தங்கை புருஷன் ஜாய்சனும் கார் விபத்தில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தார்கள். பின் சீட்டில் இருந்த பிள்ளைகள் இரண்டும் பிழைத்துக்கொண்டன. மூத்தவள் பிளஸ்ஸிக்கு ஒன்பது வயது, சின்னவன் ஜோனத்தானுக்கு ஐந்து. ஜாய்சன் பக்கம் சொல்லிக்கொள்ள யாருமில்லை. பக்கத்து வீட்டு லாசரஸ் அங்கிளும் அவர் மனைவியும் வயதான காலத்தில் பிள்ளைகளைத் தங்களோடு வைத்துக்கொண்டார்கள்.

"பிள்ளைங்க நம்மகிட்ட வரட்டும், சீலி" என்றான் ஜெபசீலன், அடக்கத்துக்குப் போயிருந்த இடத்திலேயே. ஜெயசீலி தலையாட்டினாள். அந்த நேரத்தில் வேறு யாராக இருந்தாலும் தலையாட்டத்தான் செய்வார்கள்.

காகித வேலை ஒரு வருடத்தை விழுங்கியது. ஒரு வழியாக நாள் குறித்தாகிவிட்டது. திங்கட்கிழமை பயணம், அங்கே ஒரு மாதம் தங்கல், கோர்ட் உத்தரவு வந்ததும் பிள்ளைகளோடு திரும்பிவிடலாம். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. புதன்கிழமை அந்த ஊர் நலத்துறை அதிகாரி பிளஸ்ஸியைத் தனியாக உட்காரவைத்து, இவர்களோடு போக உனக்கு இஷ்டமா என்று கேட்பார். அவள் மாட்டேன் என்றால் எல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

சபையில் ஒரே கொண்டாட்டம். "கேட்டது ஒண்ணு, ஆண்டவர் கொடுத்தது ரெண்டு பாத்தியா!" என்று கன்னத்தைத் தட்டினார்கள். ஜெயசீலி சிரித்து வைத்தாள். தங்கை செத்ததால் தனக்குப் பிள்ளை கிடைக்கிறது, அதற்கு ஸ்தோத்திரம் வேறு சொல்லச் சொல்கிறார்கள் என்று உள்ளுக்குள் குமைந்தது. ஆனால் அந்தக் குமைச்சலுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதை அவள் தனக்கேகூட வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

இணையதளத்தில் இருந்த பதிவை அவள் ரத்து செய்யவில்லை. ஜெபசீலன் இரண்டு தடவை ஞாபகப்படுத்தினான். "மறந்தே போச்சுங்க" என்றாள். பிள்ளைகள் ஹோம்வொர்க் கொண்டுவராதபோது சொல்லும் அதே பதில். அவளிடமே அது செல்லாது.

வியாழக்கிழமை சிட்டிபாபு கட்டிலோடு வந்தார். திருமுடிவாக்கத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், ஜெபசீலனுக்குப் பழக்கம். மேலே ஒன்று கீழே ஒன்றாக இரண்டு பேர் படுக்கிற இரும்புக் கட்டில். "மேடம், படிக்கட்டு சின்னதா கீது. அப்டியே கழட்டி எத்துக்கினு வந்து மேல மாட்டிக் குட்த்துர்றேன்" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார். சரி என்று சொல்லத் திரும்பியபோதுதான் ஜெயசீலியின் போனில் தத்தெடுப்பு இணையதளத்திலிருந்து செய்தி வந்தது. அவர்களுக்கு ஒரு குழந்தை ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

திறந்தாள். ஏழு மாதப் பெண் குழந்தை. யாரோ நெற்றியில் பெரிய மைப்பொட்டு வைத்து, அளவு பெரிய மஞ்சள் சட்டையைப் போட்டுவிட்டிருந்தார்கள். ஒரு கை சட்டைக்குள்ளேயே மாட்டிக்கொண்டிருந்தது. அதைப் பற்றிக் கவலையில்லாமல் குழந்தை யாரையோ பார்த்துச் சிரித்தது.

சிட்டிபாபு கட்டிலை மாட்டிமுடித்து, "ஏறிக் குதிச்சாலும் ஒண்ணும் ஆவாது மேடம், பசங்கள விட்டுப் பாருங்க" என்று குலுக்கிக் காட்டினார். ஜெயசீலி தலையாட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அந்தக் கட்டிலைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்தச் சட்டைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்துவிட வேண்டும் என்று அவளுடைய விரல்கள் துடித்தன. ஒரு வருடமாக வீடியோ காலில் பிளஸ்ஸியைப் பார்க்கிறாள், ஜோனத்தானைப் பார்க்கிறாள், அந்தத் துடிப்பு ஒரு நாளும் வந்ததில்லை. இதை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

இப்படிப்பட்ட சமயத்தில் ஒரு பெண் புருஷனிடம் சொல்வாள், இல்லை கூடப்பிறந்தவளிடம் சொல்வாள். புருஷன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். கூடப்பிறந்தவள் கல்லறையில் இருக்கிறாள். சபைக்காரி வேறு என்ன செய்வாள்? சாயங்காலம் மொட்டைமாடிக்குத் துணி எடுக்கப் போனவள், பெண்கள் ஐக்கியத்தின் வாட்ஸப் குரூப்பில் ஒரு ஜெபக்குறிப்பு போட்டாள். தமிழில் டைப் அடிக்கப் பொறுமை இல்லாமல் தன் குரலிலேயே பேசி அனுப்பினாள்.

"பிரைஸ் தி லார்ட், சகோதரிகளே. எனக்குத் தெரிஞ்ச ஒரு சகோதரிக்காக ஜெபிச்சுக்கங்க. இறந்துபோன தங்கச்சியோட ரெண்டு பிள்ளைங்கள அவங்க தத்தெடுக்கப் போறாங்க. இப்போ பாத்து, ரொம்ப வருஷமா காத்திருந்த ஒரு கைக்குழந்தையும் கெடச்சிருக்கு. அவங்க மனசு குழந்தைகிட்டதான் போகுது. தங்கச்சி பிள்ளைங்க மேல ஆச வரல, கடமைன்னுதான் தோணுது. எது ஆண்டவர் சித்தம்னு தெரியணும்."

பெயர் சொல்லாமல் கேட்பது சபை வழக்கம். குடிகாரப் புருஷனுக்காகக் கேட்பவளும் தெரிந்த ஒரு சகோதரிக்காகத்தான் கேட்பாள். ஆமென் போடுபவர்களும் தெரியாத மாதிரியே போடுவார்கள். அரை மணி நேரத்தில் கைகூப்பிய பொம்மைகளால் குரூப் நிறைந்தது.

மறுநாள் காலையில் ஜெபசீலனிடம் போட்டோவைக் காட்டினாள். அவன் வெகுநேரம் பார்த்தான். "நல்லாயிருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

"மூணு பேரையும் சேத்து வளத்தா என்னங்க?"

"விதிமுறை இடம் கொடுக்காது, சீலி. கொடுத்தாலும் வேணாம். அம்மா அப்பாவ முழுசா எழந்துட்டு வர்ற பிள்ளைங்க முன்னாடி நீ ஒரு கைக்குழந்தைய மடியில வச்சுக் கொஞ்சினா, அதுங்க எங்க போகும்?"

நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்களோடு குடும்பம் நடத்துவது சில நேரம் எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் மத்தியான இடைவேளையில், லேப் வாசலில் நின்றுகொண்டு, வேண்டாம் என்று பதில் அனுப்பினாள். அந்தக் குழந்தையை வரிசையில் அடுத்து நிற்பவர்கள் அள்ளிக்கொண்டு போவார்கள், இந்நேரம் எங்கோ ஒரு வீட்டில் ஸ்வீட் வாங்க ஓடிக்கொண்டிருப்பார்கள், எல்லாம் தெரியும். தெரிந்தும் கையில் இருந்ததைக் கீழே போட்டுவிட்ட மாதிரி இருந்தது. சித்தம் எதுவென்று கேட்டவள், பதில் வரும்வரை காத்திருக்கவுமில்லை. குரூப்பில் மறுபடி ஒன்றும் சொல்லவில்லை. முடிந்துபோன விஷயம் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் இருவரையும் முன்னால் அழைத்துத் தலையில் கை வைத்து ஜெபித்தார். வெளியே வந்ததும், பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் எஸ்தர்பாய் அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தச் சகோதரிக்காக விடாம ஜெபிச்சிட்டிருக்கேன்மா" என்றார், சகோதரி என்ற வார்த்தையை மட்டும் கொஞ்சம் இழுத்து. "நம்ம குரூப்போட நிறுத்தல. என் மருமக கோலாலம்பூர்ல இருக்கால்ல, அவளுக்கு அந்த வாய்ஸ அப்படியே அனுப்பினேன். மலேசியா முழுக்க தமிழ்ச் சபைங்க எல்லாத்துக்கும் போயிருச்சாம். எவ்ளோ பேர் ஜெபிக்கிறாங்க பாரு!"

ஜெயசீலி கையை உருவிக்கொண்டாள். பினாங்கில் லாசரஸ் அங்கிள் வீட்டில் தினமும் சாயங்காலம் குடும்ப ஜெபம் நடக்கும். அன்று வந்த ஜெபக்குறிப்புகளை எல்லாம் ஆன்ட்டி ஸ்பீக்கரில் போடுவார். எல்லோரும் கேட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபிப்பார்கள். பிள்ளைகளும் முட்டி போட்டிருப்பார்கள். ஆன்ட்டியோடு அவள் பேசியது இரண்டொரு தடவைதான். அவருக்குக் குரல் பிடிபட்டிருக்காது. ஆனால் ஒரு வருடமாக வாராவாரம் அந்தக் குரலைக் கேட்கும் ஒருத்தி அந்த வீட்டில் இருக்கிறாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வரும்போது, கேட்டிருக்க மாட்டாள், கேட்டிருக்க மாட்டாள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எதிர் வெயிலில் கண் கரித்தது என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல், பினாங்குக்கு வீடியோ கால் போட்டாள். பக்கத்தில் ஜெபசீலன் சூட்கேஸை எடைபோட்டுக்கொண்டிருந்தான். பிளஸ்ஸிதான் எடுத்தாள். இரட்டைப் பின்னல், ஜோவிதாவின் அதே அகன்ற நெற்றி.

"பெரியம்மா, நாங்க வெள்ளிக்கிழம ஒரு ஆன்ட்டிக்காக ஜெபம் பண்ணோம். பாப்பாவா, தங்கச்சி பிள்ளைங்களான்னு அவங்களுக்குத் தெரியல. அவங்க வாய்ஸ் உங்க வாய்ஸ் மாதிரியே இருந்துச்சு."

ஜெபசீலன் சூட்கேஸைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான். அந்த ஜெபக்குறிப்பைப் பற்றி அவனுக்கு எதுவும் தெரியாது. இல்லையென்று சொல்லிவிடலாம். ஒரே ஊர்க்காரர்கள், குரல் அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வார்த்தை போதும். புதன்கிழமை அந்த அதிகாரி கேட்கும் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்துவிடும். ஜெயசீலியின் நாக்கு நுனிவரை அது வந்தது.

"என் வாய்ஸ்தான்மா" என்றாள்.

பிளஸ்ஸிக்கு ஆச்சரியமில்லை. "இங்க ஆன்ட்டிகிட்ட நான் எதுவும் சொல்லல" என்றாள். "அந்தப் பாப்பாவக் கூட்டிட்டு வரலையா?"

"வேணாம்னு சொல்லிட்டேன்டா."

"ஏன்?"

"உங்க ரெண்டு பேருக்காகத்தான்." சொன்ன மறுகணமே அந்தப் பதில் எவ்வளவு பெரிய பாரம் என்று அவளுக்கு உறைத்தது. அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஒரு குழந்தையின் தலையில் வைத்துவிட்டாள்.

பிளஸ்ஸி பின்னலின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "நான் பாப்பாவுக்காகத்தான் ஜெபம் பண்ணேன். உங்களுக்கே கெடைக்கட்டும்னு. அதுக்கு யாருமே இல்லைல்ல. எனக்குத் தம்பி இருக்கான்."

திரையில் தன் முகம் சின்னதாக மூலையில் தெரிவதை ஜெயசீலியால் பார்க்க முடியவில்லை. கட்டைவிரலால் அதை மறைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிரு பிளஸ்ஸி" என்றாள். "பெரியம்மா அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"பொய்யா சொன்னீங்க?"

"இல்ல. பொய் சொல்லல."

"ஓ" என்றாள் பிளஸ்ஸி. கோபம் இல்லை, அழுகையும் இல்லை. கணக்கில் விடை எங்கே பிசகியது என்று பார்க்கும் பிள்ளையைப் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டாள். "புதன்கிழம ஒரு ஆபிசர் வருவாங்களாம். உங்களோட வர்றதுக்கு இஷ்டமான்னு கேப்பாங்களாம். நான் என்ன சொல்லணும் பெரியம்மா?"

வகுப்பில் பிள்ளைகளின் வாயிலிருந்து சரியான விடையை வரவழைப்பதில் ஜெயசீலி கெட்டிக்காரி. இப்போது அந்தக் கெட்டிக்காரத்தனம் கைகொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அவள் அதைத் தொட்டிருக்க மாட்டாள். வா என்று சொல்ல ஆசையாக இருந்தது. அந்த ஆசை, அந்த நிமிடத்தில், அந்தப் பெண்மேல்தான் வந்திருந்தது. எந்த முகத்தோடு அதைச் சொல்வது?

"உனக்கு என்ன தோணுதோ அதச் சொல்லுடா. நான் எதுவும் நெனச்சுக்க மாட்டேன்."

பின்னாலிருந்து ஜோனத்தான் ஏதோ பொம்மைக்காகக் கத்தினான். "இருடா வர்றேன்" என்று அவனிடம் திரும்பிச் சொல்லிவிட்டு, பிளஸ்ஸி மறுபடி போனைப் பார்த்தாள்.

"எனக்கும் தெரியல. நானும் ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன், பெரியம்மா."

போன் அணைந்தது. குத்திக்காட்டவேண்டும் என்று அந்தப் பிள்ளை சொல்லவில்லை. பெரியவர்கள் இப்படித்தான் முடிவெடுப்பார்கள் என்று பெரியம்மாவிடமிருந்தே கற்றுக்கொண்டு, ஒழுங்காகத் திருப்பிச் சொன்னாள்.

ஜெபசீலன் சூட்கேஸைத் தூக்கி மறுபடி எடைபோட்டான். அவன் ஏதாவது கேட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். மடித்து வைத்த துணிகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜெயசீலி அழுதாள். நாளைக்கு அவள் விமானம் ஏறப் போவது அந்தப் பிள்ளைகளைக் கூட்டிவர இல்லை. தன்னை வேண்டுமா வேண்டாமா என்று அவர்கள் சொல்லும் வரைக்கும் அங்கே போய் உட்கார்ந்திருக்கத்தான்.