நாலு எலுமிச்சம்பழமும் ஒரு கையெழுத்தும்

ஒஹாயோவில் புதுக் கார் வாங்கிய மறுநாள் காலை, அலுவலக வாசலிலேயே நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசை ட்ரேசி பார்த்துவிட்டாள். "லெமனா?" என்றாள். "ஆமாம், நான்கு" என்றேன் பெருமையாக. அவள் முகம் வாடிப்போயிற்று. என்னைக் கட்டிக்கொண்டு, தனக்குத் தெரிந்த நல்ல வக்கீல் இருக்கிறார் என்றாள். வாங்கியதுமே மக்கர் செய்யும் காரை இந்த ஊரில் லெமன் என்பார்களாம். வண்டி மக்கர் செய்யக் கூடாது என்று நாம் நசுக்குகிற பழத்தின் பெயரை, இவர்கள் மக்கர் செய்கிற வண்டிக்கே வைத்திருக்கிறார்கள். விளக்கிச் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. அன்றிலிருந்து தினமும் "உன் லெமன் எப்படி இருக்கிறது?" என்று அக்கறையாக விசாரிக்கிறாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. இங்கே கார் விற்கும்போது சர்வீஸ் கான்ட்ராக்ட் என்று ஒன்றையும் தலையில் கட்டுவார்கள். நம் ஊரில் எக்ஸ்டெண்டட் வாரண்டி என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். வண்டி மோதி நொறுங்கினால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். தானாகப் பழுதாகி நின்றால் இந்த ஒப்பந்தம். இது இன்சூரன்ஸ் இல்லை என்று காகிதத்திலேயே போட்டிருக்கும். ஆனால் விற்கிற கம்பெனியின் முதுகுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிதான் நிற்கும். வண்டி நின்றுபோனவர்களின் விண்ணப்பத்தைப் படித்து, உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியது நாங்கள். 'இல்லை' என்பதை மரியாதையாகச் சொல்வதில் நான் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருக்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் லீவில் போயிருந்தபோது, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அண்ணன் வேன் வாங்கினார். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு நொந்துபோய், வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கலாம் என்று முடிவு. ஷோரூமில் வாரண்டிக் காகிதத்தை நீட்டியபோது அண்ணன் கையை நீட்டவே இல்லை.

"அதான் கோயிலாண்ட போய் எலுமிச்சம்பழம் வெக்கப் போறோமே. இது வேற இன்னாத்துக்கு?"

"ஆனை வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிக்கலாமாண்ணா? நான் பாக்குற வேலையே இதான். கையெழுத்துப் போடு."

"நீ சொன்னா சரி" என்று போட்டுவிட்டார். பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம்; அதற்குள் வண்டியை வெளியே எடுத்தாக வேண்டும். நாளெல்லாம் அடுத்தவர் ஒப்பந்தத்தில் ஓட்டை தேடுகிற நான், என் அண்ணனுடையதை ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. ராகுகாலத்துக்குப் பயந்தேன், பொடி எழுத்துக்குப் பயப்படவில்லை. நேராக மலையடிவாரத்துப் பெரிய கோயிலுக்குப் போய், ராஜகோபுரத்துக்கு முன்னால் பூஜை போட்டு, பழம் நசுங்க வண்டியை எடுத்தோம்.

போன பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவர்களை ஏற்றிப்போன வேன் வேங்கிக்காலில் நின்றுவிட்டது. உள்ளே முக்கால்வாசி வயதானவர்கள். அண்ணன் தெரிந்த மெக்கானிக்கை வரவழைத்தார். அவர் சாலையோரத்திலேயே எஞ்சினைப் பிரித்துவிட்டார். நம் பக்கத்தில் வண்டி நின்றால் முதலில் பிரித்துப் பார்ப்பதுதானே வழக்கம்? எஞ்சின் தேறவில்லை. வாரண்டிக்கு எழுதிப்போட்டதில் ஆங்கிலத்தில் பதில் வந்தது. அண்ணன் அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் கூப்பிட்டார்.

"இன்னாம்மா போட்டிருக்கான்?"

முன் அனுமதியின்றி எஞ்சின் பிரிக்கப்பட்டதால் தங்கள் கோரிக்கையை ஏற்க இயலவில்லை. வருந்துகிறோம். எந்தக் கம்பெனியானால் என்ன, தினமும் நான் தட்டுகிற அதே வாக்கியம்.

"கம்பெனி ஆளு வந்து பாக்கறதுக்குள்ள பிரிச்சிட்டியாம்ணா. தரமாட்டாங்களாம்."

"வயசானவங்கள ரோட்டுல உக்கார வெச்சிட்டு, அவன் வர்ற வரைக்கும் வேடிக்கை பாக்கணுமா? நீயே ஒரு லெட்டர் எழுதேன்."

"எழுதறேண்ணா. ஆனா தேறாது."

"உங்கிட்ட ஒருத்தன் இப்டி வந்து நின்னா நீ இன்னா பண்ணுவ?"

கார் சாவியைத் தேடுவதுபோல் பையைத் துழாவினேன்.

"லைன்ல இருக்கியா? சரி வுடு. உனக்கு ஆபீசுக்கு நேரமாவுது, கெளம்பு."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. எழுதிப் போட்டேன், அதே வாக்கியம் திரும்பி வந்தது. சொந்த வேன் வீட்டு வாசலில் நிற்க, அண்ணன் இப்போது இன்னொருவர் வண்டிக்கு டிரைவராகப் போகிறார். வீட்டில் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

என் கடிதத்துக்குப் பதில் வந்த அன்றும் வேலைக்குப் போனேன். முதல் விண்ணப்பம் ஒரு தோட்டக்காரருடையது. வழியில் நின்ற வண்டியைத் தானே பிரித்துப் பார்த்திருந்தார். வாரத்துக்கு நாலைந்து இப்படி வரும். அன்று மட்டும் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அந்த வாக்கியத்தைத் தட்டி அனுப்பினேன். என் விசாவும் வீடும் காரும் அதில்தான் ஓடுகின்றன.

ட்ரேசி காப்பியோடு வந்தாள். "உன் லெமன் எப்படி இருக்கிறது?"

"நின்றுவிட்டது" என்றேன்.

"ஐயோ, எங்கே?"

"கீழ்பென்னாத்தூரில்."

புரியாமல் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள். காலையில் விட்ட இடத்திலேயே, ஒரு கீறல் இல்லாமல், என் கார் நின்றுகொண்டிருந்தது.