பத்தரை மணி ஜனநாயகம்

புனே பக்கம் சிஞ்ச்வட்டில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டியின் ஆண்டுப் பொதுக்கூட்டம் காலை பத்து மணிக்கு என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். பத்து மணிக்கு அங்கே ஈ காக்கை இருக்காது. ஃப்ளாட் வாங்கிய முதல் வருடம் இது தெரியாமல், இஸ்திரி போட்ட சட்டையோடு சரியான நேரத்துக்குப் போய் நின்றேன். வாட்ச்மேன் அப்போதுதான் ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். முதல் மாடி பால்கனியில் டீ கிளாஸும் கையுமாக நின்ற ஜோஷி என்னைப் பார்த்துச் சிரித்தார். “அஹோ மணி ஸாஹேப், இத்க்யா லவ்கர் கஷாலா?” இவ்வளவு சீக்கிரம் எதற்கு என்று கேட்கிறார். நோட்டீஸில் பத்து மணி என்று போட்டிருக்கிறதே என்றேன். கடைசி வரியைப் படியுங்கள் என்றார். கூட்டம் செல்லுபடியாகத் தேவையான ஆட்கள், அதாவது கோரம், பத்து மணிக்குச் சேராவிட்டால் அரை மணி நேரம் ஒத்திவைத்து அதே இடத்தில் மறுபடியும் கூடலாம், அப்போது எத்தனை பேர் இருந்தாலும் போதும் என்று அதில் இருந்தது. ஆகவே, கோரம் சேராமல் இருப்பதற்காகவே எல்லோரும் வீட்டில் உட்கார்ந்து அவல் போஹா சாப்பிட்டுவிட்டு, பத்தரைக்கு ஆளுக்கொரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவார்கள். மகாராஷ்டிரம் முழுக்க இப்படித்தான் என்று ஜோஷி பெருமையாகச் சொன்னார். நானும் வீட்டுக்குத் திரும்பிப் போய் இன்னொரு காபி குடித்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கு அந்தக் கூட்டம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று இப்போது நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. லிஃப்ட் ரிப்பேருக்காக இரண்டு பேர் கழுத்து நரம்பு புடைக்கச் சண்டை போட்டார்கள். ஒரு அம்மாள் எழுந்து செக்ரட்டரியைப் பார்த்து, உனக்கு ஓட்டுப் போட்டதே தப்பு என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். செக்ரட்டரி தலையைச் சொறிந்துகொண்டு மன்னிப்புக் கேட்டார். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் என் ஊரில், திருநெல்வேலிச் சீமையில், நகராட்சிக்கு வருடக்கணக்காகத் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலர் என்று ஒருவர் வருவார், மாற்றலாகிப் போவார், இன்னொருவர் வருவார். எங்கள் தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார், வாசல்வரை போய்த் திரும்பி வந்துவிடுவார். “யாருட்டப் போயிச் சொல்லதுக்கு? கவுன்சிலர்னு ஒருத்தன் இருந்தாலாவது அவன் வீட்டு வாசல்ல நின்னு ஏசிட்டு வரலாம்” என்பார். ஏசுவதற்கு ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நம் ஓட்டும் வேண்டியிருக்க வேண்டும். அந்த இரண்டும் சிஞ்ச்வட்டில் ஒரு ஹாலுக்குள் கிடைத்ததும், சரியான ஊருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று நினைத்தேன்.

இதற்குச் சில வருடங்கள் முன்பே ஒரு சிறிய எச்சரிக்கை கிடைத்திருந்தது. நான் அப்போது வாடகை அறையில் இருந்தேன். ஜோஷியும் நானும் ஒரே ஆட்டோ பார்ட்ஸ் தொழிற்சாலையில் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவந்தார்கள். ஆளுநர் அறிக்கை கொடுக்காமலேயே கையெழுத்தாகிவிட்டது என்று பேப்பரில் படித்தேன். அந்தக் கட்சியின் மேல் எனக்குப் பெரிய காதல் ஒன்றும் கிடையாது. ஆனால் அந்த ஆட்சியைக் கொண்டுவந்த தேர்தலில் ஓட்டுப் போடுவதற்காக லீவு எடுத்து, ரிசர்வேஷன் இல்லாத ரயிலில் கழிப்பறை ஓரம் உட்கார்ந்து ஊருக்குப் போனவன் நான். கேன்டீனில் முகம் தொங்கிப்போய் இருந்தேன். ஜோஷி, வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா என்று விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. “அரே, யே தோ அச்சா ஹை! நல்லதுதானே, இனிமேல் ஆபீஸர்கள் பார்த்துக்கொள்வார்கள், சுத்தமாக நடக்கும்” என்று தட்டில் இருந்த பேடாவை எடுத்து என் கையில் வைத்தார். நல்ல மனுஷன், ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டார். கொடுத்த பேடாவைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் தின்றேன்.

இரண்டாயிரத்தை ஒட்டி எங்கள் சொசைட்டிக்குப் புதிய தலைவர் வந்தார். அவரை யாரும் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை, எல்லோருக்கும் அவர் அத்யக்ஷ்தான். ஏதோ ஒரு ஃபேக்டரியில் ஆட்களை மேய்த்து ஓய்வு பெற்றவர். வந்த வேகத்தில் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வைத்தார், மாதக்கணக்கில் நின்றுகிடந்த லிஃப்ட்டை ஓட வைத்தார். பிறகு நோட்டீஸ் போர்டில் “ஆதேஷ்” என்ற தலைப்பில் ஒவ்வொரு தாளாக ஏறத் தொடங்கியது. தண்ணீர் வரும் நேரம் பற்றி ஓர் ஆணை, மாடிப்படியில் சைக்கிள் வைக்கக்கூடாது என்று ஓர் ஆணை. இரண்டுக்கும் நானே கைதட்டினேன். அடுத்து, அவசர வேலைகள் இருப்பதால் மாதாந்தர கமிட்டிக் கூட்டம் மறு உத்தரவு வரை கிடையாது என்று ஒன்று வந்தது. கமிட்டிக்காரர்களுக்கும் அது வசதியாக இருந்தது, ஞாயிற்றுக்கிழமை மிச்சம். அதற்குப் பிறகு ஹால் சாவி அத்யக்ஷ் வீட்டுக்குப் போனது. செக்ரட்டரி கையெழுத்துப் போடும் இடத்திலும் அத்யக்ஷே போட்டார். யாராவது முணுமுணுத்தால், லிஃப்ட் ஓடுகிறதா இல்லையா என்று திருப்பிக் கேட்பார். லிஃப்ட் ஓடத்தான் செய்தது.

அந்தச் சமயத்தில்தான் மைதீன் பாய் எங்கள் சொசைட்டியிலேயே பக்கத்துக் கட்டடத்தில் ஃப்ளாட் வாங்கினார். கடையநல்லூர்க்காரர். சிஞ்ச்வட் ஸ்டேஷனுக்கு அருகே பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருந்தார். ஊரில் இருந்த வயலை விற்றுத்தான் அந்த வீட்டை வாங்கினார். முதல் நாள் என்னைப் பார்த்ததும், “அண்ணாச்சி, நீங்க நம்ம பக்கமால்லா?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டவர் வெகுநேரம் விடவேயில்லை. புனேயில் பேச ஆளில்லாமல் தேய்ந்துபோயிருந்த என் தமிழ் அவரோடு பேசும்போது பழைய நிலைக்கு வந்தது. என் மனைவி செல்வியும் அவர் மனைவி ஜமீலாவும் மாடிக்கும் மாடிக்கும் குரல் கொடுத்துப் பேசிக்கொள்வதைக் கேட்டால், இது தென்காசிப் பக்கம் என்றே தோன்றும்.

வீட்டை வாங்கினால் மட்டும் போதாது, சொசைட்டி உறுப்பினராகச் சேர்க்க வேண்டும், அதைக் கமிட்டி முடிவு செய்ய வேண்டும். கமிட்டிதான் கூடுவதில்லையே. மைதீன் பாயின் விண்ணப்பம் கிடந்தது. பிறகு போர்டில் ஓர் ஆணை ஏறியது. புதிய உறுப்பினர்களைச் சேர்ப்பது நிறுத்திவைக்கப்படுகிறது, அதுவரை வீடு வாங்கியவர்கள் தற்காலிகக் குடியிருப்போர், ஹாலையும் பார்க்கிங்கையும் பயன்படுத்தக்கூடாது, கூட்டத்துக்கு வரக்கூடாது, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காலி செய்ய வேண்டும். பொதுவான ஆணைதான், யார் பெயரும் இல்லை. அந்த வருடம் புதிதாக வீடு வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

நான் அத்யக்ஷைப் பார்க்கப் போனேன். சோஃபாவில் உட்கார வைத்து டீ கொடுத்தார். “மணி ஸாஹேப், ஆப் தோ அப்னே ஆத்மி ஹை” என்றார், நீங்கள் நம்ம ஆள். மைதீனும் என் ஆள்தான், என் மாவட்டம், என் பாஷை என்றேன். அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். “அப்படியா? உங்கள் மதராஸில் அவர்களும் தமிழா பேசுவார்கள்?” பிறகு என் தோளைத் தட்டி, உங்களுக்கு நல்ல மனசு, ஆனால் பில்டிங்கின் நன்மை என்று ஒன்று இருக்கிறதே என்றார். கமிட்டியைக் கூட்டி முடிவெடுங்கள் என்றேன். எனக்கு ஓட்டுப் போட்டது நீங்கள்தானே, பிறகு எதற்கு ஒவ்வொன்றுக்கும் கமிட்டி என்று கேட்டார். இதே கேள்வியைப் பெரிய நாற்காலிகளில் இருப்பவர்களும் அவரவர் தோரணையில் கேட்கிறார்கள். ஒரு தடவை ஓட்டுப் போட்டால் வாயையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டோம் என்று எல்லோருமே நினைக்கிறார்கள்.

ஆனால் பொதுக்கூட்டம் என்று ஒன்று இருந்தது. அத்யக்ஷுக்கு மேலே அதுதான். ஆணைகளை ரத்து செய்யவும் மைதீன் பாயை உறுப்பினராகச் சேர்க்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஜோஷியும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். ஜோஷி எங்களோடு நின்றதைச் சொல்லாமல் விட்டால் பாவம். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஓட்டுப் போடுவதாகச் சொன்னார்கள். முன்பு செக்ரட்டரியைத் திட்டிய அந்தச் சண்டைக்கார அம்மாள், நான் பேசுகிறேன் பார் என்றார். மைதீன் பாய் வீட்டில் அன்றைக்கு எங்கள் இருவருக்கும் இடியாப்பம். “பத்து மணிக்குத்தான அண்ணாச்சி?” என்று கேட்டார். “பத்துன்னா பத்தரை பாய். இந்த ஊரு வழக்கம் உமக்குத் தெரியாது” என்று நான் பழந்தின்று கொட்டை போட்டவன் போலச் சொன்னேன். ஜோஷி சிரித்துத் தலையாட்டினார்.

கூட்டத்தன்று காலையில் நான் குளித்துவிட்டுப் பேப்பரை விரித்திருந்தேன். மைதீன் பாய் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். உறுப்பினர் அல்லாததால் ஹாலுக்குள் போக முடியாமல், மனசு கேட்காமல் முன்கூட்டியே வந்து ஹால் கேட்டருகே நின்றிருக்கிறார். “அண்ணாச்சி, கொஞ்சம் ஆளுக உள்ள போயிட்டாவ. பேச்சுச் சத்தம் கேக்கு. கதவையும் சாத்திட்டாவ. வாங்களேன்.”

“அது ஒண்ணுமில்ல பாய், ஜமுக்காளம் விரிப்பாவ. இன்னும் பத்தரை ஆகலியே. ஒரு வாய் காபி குடியும்.”

“கைதட்டுத சத்தம் கேட்டுது அண்ணாச்சி.”

“வாட்ச்மேனுக்கு ஏதாவது குடுத்திருப்பாவ” என்றேன். அவர் காபி குடிக்கவில்லை, போய்விட்டார். நான் குடித்தேன். வழக்கம்போல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கியபோது, ஜோஷியும் மற்றவர்களும் தத்தம் நாற்காலிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். ஹாலுக்குள் வாட்ச்மேன் ஜமுக்காளத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அத்யக்ஷ் தன் ஆட்களை மட்டும் சரியாகப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். கோரத்துக்கு எத்தனை பேர் வேண்டுமோ அத்தனை பேர். இத்தனை வருடத்தில் முதன்முறையாக நோட்டீஸில் போட்ட நேரத்துக்குக் கூட்டம் நடந்து, ஒத்திவைக்காமல் முடிந்துவிட்டது. அத்யக்ஷ் இதுவரை போட்ட ஆணைகள் அனைத்தும் ஏற்கப்பட்டன. கமிட்டியின் அதிகாரங்கள் அவரிடமே இருக்கும். நிலுவையில் இருந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சண்டைக்கார அம்மாள் கத்தினார். அத்யக்ஷ் குரலை உயர்த்தவேயில்லை. “மீட்டிங் ஜாலி. கோரம் ஹோதா. கூட்டம் முடிந்தது, கோரமும் இருந்தது. வந்தவர்களை நான் எங்கே தடுத்தேன்?” பிறகு அவருடைய ஆள் ஒருவர் அட்டைப்பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் பேடா நீட்டினார். இந்தத் தடவை நான் எடுக்கவில்லை. எடுக்காததால் என்ன நடந்துவிடப்போகிறது? ஜோஷி என் பக்கத்தில் நாற்காலியைப் பிடித்தபடி, “காய் கர்ணார், என்ன செய்வது, சட்டப்படி சரிதானே” என்றார். கேட்டுக்கு வெளியே மைதீன் பாய் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியவன் நான்தான். நாற்காலியை அங்கேயே போட்டுவிட்டுக் கேட்டுவரை நடந்தேன். சொல்லி முடித்ததும், “நா கைதட்டுதாவன்னு சொன்னேம்லா அண்ணாச்சி” என்று மட்டும் சொன்னார்.

கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தோம். நடந்தோம், நடந்தோம், அப்படி நடந்தோம். கடைசியில் கமிட்டியைக் கலைத்து ஒரு நிர்வாகியை நியமித்தார்கள். கட்டடமே மகிழ்ந்தது, இனி ஆபீஸர் பார்த்துக்கொள்வார் என்று. அந்த நிர்வாகிக்கு எங்கள் கட்டடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் யார் என்று கேட்டு, பழைய அத்யக்ஷைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். போர்டில் அதே ஆணைகள் புதிய கையெழுத்தோடு ஏறின. தேர்தல் தள்ளிப்போனது, பிறகும் தள்ளிப்போனது. எங்கள் அப்பாவின் தனி அலுவலர் என் பின்னாலேயே ரயிலேறி வந்துவிட்டார் போலும். மைதீன் பாய் அதுவரை காத்திருக்கவில்லை. வந்த விலைக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுக் கோண்ட்வாவுக்குப் போய்விட்டார், அவருடைய ஆட்கள் நிறைய இருக்கும் பகுதி. சாமான் ஏற்றிய டெம்போவில் ஏறுவதற்கு முன் ஜமீலா செல்வியைக் கட்டிக்கொண்டு அழுதார். வீட்டை வாங்கியவர் சில நாளிலேயே உறுப்பினரானார். அதற்கு எந்த ஆணையும் குறுக்கே நிற்கவில்லை.

போன வாரம் மைதீன் பாய் போன் செய்தார். அவருடைய புதிய சொசைட்டியில் பொதுக்கூட்டமாம், அவர் இப்போது முறையான உறுப்பினர். “நோட்டீஸ்ல பத்து மணின்னு போட்டிருக்கு அண்ணாச்சி. நம்ம எப்பம் போணும்?” குரலில் கேலி இருந்ததா, உண்மையாகவே கேட்டாரா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் வலித்தது. விடிஞ்சதுமே போயிரும் பாய் என்றேன். “போயி ஒத்தையில ஒக்காந்துருக்கச் சொல்லுதியளா?” என்று சிரித்தார்.

ஒத்தையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒருவழியாகத் தேர்தல் நடந்து, பழைய அத்யக்ஷே மறுபடியும் வந்து, இன்று எங்கள் ஆண்டுப் பொதுக்கூட்டம். வாட்ச்மேன் விரிக்கும் முன்பே வந்து, அவரோடு சேர்ந்து ஜமுக்காளத்தின் மறுமுனையைப் பிடித்து விரித்தேன். மேலே பால்கனியில் ஜோஷி டீ குடிக்கிறார். இத்க்யா லவ்கர் கஷாலா என்று இப்போது கேட்பதில்லை, என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுகிறார். அத்யக்ஷ் வந்து என் தோளைத் தட்டி, இப்போதுதான் நீங்கள் அசல் புணேகர், இந்த ஊர்க்காரர் என்றார். பத்தாகப்போகிறது, அத்யக்ஷின் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து உட்காருகிறார்கள். நான் உறுப்பினன், ஓட்டு இருக்கிறது, நடு ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்காரலாம். ஆனால் வாசலோரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன், கேட் தெரிகிற பக்கமாக. அங்கே ஒருவரும் நிற்கவில்லை. இருந்தும் உள்ளே யாராவது லேசாகக் கைதட்டினாலும் என் தலை அந்தப் பக்கம்தான் திரும்புகிறது.