உப்புத் தண்ணீர்க் குடித்தனம்

காதைத்தான் முதலில் வைப்பார். வேலையிலிருந்து வந்ததும் வராததுமாகப் பையைக் கூடத்து மூலையில் போட்டுவிட்டு, சுவர் முழுக்க நீண்டு கிடக்கும் அந்தக் கண்ணாடி மீன்தொட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, அடியிலிருக்கும் பலகைக் கதவில் இடது காதை ஒட்டிக்கொள்வார். உள்ளே பம்புகள் ஓடிக்கொண்டிருக்கும். ஒன்று சீராக முனகும். இன்னொன்று எலி கொறிப்பதுபோல் மெல்லச் சத்தம் போடும். "சரியாத்தான் பேசுது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு எழுந்த பிறகுதான் கண்ணாடிக்குள் பார்ப்பார். வீட்டில் மனிதர்களும் இருக்கிறார்கள் என்பது அதற்கும் பிறகுதான் அவருக்கு நினைவு வரும்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். குடியிருப்பில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர்தான். எந்த இயந்திரத்தையும் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டுவிடுவது தொழிலில் வந்த பழக்கம். மனைவி நர்ஸ். வீட்டுக்கு வருகிறவர்களிடம் தொட்டியைக் காட்டி அந்த அம்மாள் சொல்வதே ஒரு தினுசு. "வேலை பார்க்கிற இடத்துலதான் ட்யூபும் மோட்டாருமா கெடக்குன்னா, வீட்டுலயும் ஒரு ஐ.சி.யூ. வச்சிருக்காரு மனுஷன். அங்க வர்ற பேஷண்டாவது ஒருநாள் வீட்டுக்குப் போவாங்க. இதுங்க போறதா இல்ல."

எல்லாம் ஒரு ஹோட்டலில் தொடங்கியது. லிஃப்ட் பழுதென்று கூப்பிட்டிருந்தார்கள். சரிசெய்து முடித்து வெளியே வந்தவர், வரவேற்பறையில் ஒரு பவளத் தொட்டி இருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். ஆயுசில் பாதியை இருட்டுக் கிணறுபோன்ற லிஃப்ட் கூண்டுகளில், கிரீஸும் கம்பியுமாகக் கழித்தவர். காற்றே இல்லாத இடத்தில் ஏதோ ஒன்று விரல் விரலாக நீட்டி அசைந்துகொண்டிருந்தது. செடியென்று நினைத்தார். அது செடியில்லை, உயிருள்ள பிராணி என்று தொட்டியைப் பராமரிக்கிறவன் சொன்னபோது, "கல்லுக்குள்ள குடியிருக்கா?" என்று கேட்டார். "அதுவேதான் சார் கல்லைக் கட்டிக்குது." அன்று அவர் வீட்டுக்கு வந்து சேர வெகுநேரமாயிற்று. மேனேஜர் மட்டும், சரியாகிவிட்ட லிஃப்டில் இன்னும் என்ன பாக்கி என்று இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனாராம்.

அப்போது அவர்கள் மூன்றாவது மாடியில் இருந்தார்கள். நல்ல காற்று, துணி உலர்த்த வெயில், நர்ஸம்மாள் காலை நீட்டி உட்கார ஒரு பால்கனி. அவ்வளவு பெரிய தொட்டியை மாடித் தரை தாங்காது என்று லிஃப்ட்காரருக்குத் தெரியும். "எத்தனை பேர் ஏறலாம்னு எழுதி ஒட்டுறவனே நான்தான். எங்கிட்டயே தரை கணக்கு தப்பலாமா?" பல நாள் சொல்லலாமா வேண்டாமா என்று மென்று விழுங்கி, கடைசியில் ஒருநாள் தரைத்தளத்துக்காரரோடு வீட்டை மாற்றிக்கொள்வது பற்றி மனைவியிடம் கேட்டார். நர்ஸம்மாள் பால்கனிக்குப் போய்க் கொஞ்சநேரம் நின்றாள். திரும்பி வந்து, "பெட்டி கட்டுறதுன்னா என் லீவு நாள்ல கட்டுங்க" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு சந்தர்ப்பம் கிடைத்தபோதெல்லாம், "மூணாவது மாடிக் காத்தைக் குடுத்துட்டு உப்புத் தண்ணியை வாங்கிக்கிட்டாரு" என்று சொல்லிக் காட்டாமல் விட்டதில்லை.

தொட்டி நிற்கும் சட்டத்தை அவரே பற்றவைத்தார். கழித்துப்போட்ட லிஃப்ட் தண்டவாள இரும்பு. "ஆளுங்களைத் தாங்கினது மீனைத் தாங்காதா?" ரசமட்டத்தை வைத்து வைத்துப் பார்த்து, குமிழி நடுவில் அசையாமல் நிற்கிற வரைக்கும் கால்களுக்கடியில் தகடு சொருகினார். கண்ணாடி வந்து சேர்ந்த அன்று வாசல் நிலையையே பெயர்க்க வேண்டியதாயிற்று. சுத்திகரித்த தண்ணீரில் உப்பைக் கரைத்து நிரப்பி, கடலில் கிடந்து ஊறிய கற்களை அடுக்கி, பம்பைப் போட்டுவிட்டு எதிரே முக்காலியில் உட்கார்ந்தார்.

மாதக்கணக்கில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மீன் இல்லை.

இதுதான் யாருக்கும் புரியவில்லை. கற்களில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பெருகி, தண்ணீர் பக்குவப்பட்ட பிறகுதான் மீன் விடலாம் என்று அவர் சொன்னால், மேல்வீட்டுத் தபால்காரர் தலையைச் சாய்த்துக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு, "அப்ப இப்போ நீங்க எதைப் பார்த்துக்கிட்டிருக்கீங்க?" என்பார். நடுவில் கற்கள் பழுப்பேறி நூல் நூலாகப் பாசி பிடித்தது. "இதைப் பார்க்க சாக்கடைப் பக்கம் போய் நின்னாலே போதுமே" என்றாள் நர்ஸம்மாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நத்தைகளை வாங்கி வந்து விட்டார். அவை மேய்ந்து மேய்ந்து கல் வெளுத்தது. அப்புறம்தான் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் ஒரு ஜோடி வந்தது.

வந்த மீனை எடுத்த எடுப்பில் தண்ணீரில் விடமாட்டார். பையோடு ஒரு வாளியில் வைத்து, மெல்லிய குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக அதில் இறக்குவார். "புதுத் தண்ணி உடம்புல ஏறணும்ல. திடுதிப்புனு விட்டா மெரண்டுடும்." நர்ஸம்மாள் காய் நறுக்கிக்கொண்டே, "நான் இந்த வீட்டுக்கு வந்தன்னிக்கு எனக்கு யாரு சொட்டுச் சொட்டா விட்டது?" என்று கேட்பாள். ஒன்று வந்து ஊர் பழகிய பிறகுதான் அடுத்தது. மஞ்சள் மீன், அப்புறம் மீன்களின் வாய்க்குள்ளேயே புகுந்து சுத்தம் செய்யும் சிவப்புக் கோடு போட்ட இறால் இரண்டு, கடைசியாகப் பவளம். கட்டை விரல் அளவுத் துண்டுகளாக வாங்கி வந்து கல்லில் ஒட்டினார். ஹோட்டலில் பார்த்ததைப்போலவே விரல் விரலாக அசையும் ஒன்றுக்கு நடுமேட்டில் இடம் கொடுத்தார். பக்கவாட்டுக் கண்ணாடியில் மெல்ல மெல்ல ஊதா நிறத்தில் ஒரு படிவம் பிடிக்க ஆரம்பித்தபோது தபால்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் சரியாக இருக்கிறது என்பதற்கு அது அத்தாட்சி. வேண்டுமென்று வரவழைக்க முடியாது.

மருமகள் அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தாள். மகனுக்கு ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே இயந்திரம் பொருத்தும் வேலை. கல்யாணம் முடிந்த கையோடு வெளியூர் போய்விட்டான். வாரக் கடைசியில் வந்தால் உண்டு. அந்தப் பெண் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துப் பொருத்துகிறவள். பகலெல்லாம் கடையில் சுறுசுறுப்பாக இருப்பவள், வீட்டுக்குள் வந்ததும் சுவரோரமாக நடப்பாள். "அத்தை, இந்தத் துண்டை எடுத்துக்கலாமா?" "அத்தை, ஜன்னலைச் சாத்தட்டுமா?" எல்லாவற்றுக்கும் உத்தரவு. மாமனாரோடு பேச்சு இன்னும் சுருக்கம். "சாப்பிட்டியாம்மா?" "சாப்பிட்டேன் மாமா." அதற்குமேல் என்ன பேசுவதென்று இருவருக்கும் தெரியவில்லை. அவர் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொள்வார். அவள் சமையலறைக்குள் போய்விடுவாள்.

ஒரு சனிக்கிழமை மாலை. மறுநாள் மருமகளின் அம்மாவும் அப்பாவும் முதன்முறையாக விருந்துக்கு வருவதாக இருந்தது. மகனுக்கு அந்த வாரம் வர முடியவில்லை. நர்ஸம்மாள் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. லிஃப்ட்காரர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து ஒரு தப்பான சத்தம் கேட்டது, யாரோ கொப்பளிப்பதுபோல.

தொட்டியிலுள்ள அழுக்கை நுரையாக்கி வெளியேற்றுகிற ஒரு குழல் உண்டு. அது பொங்கி வழிந்து, கூடமெல்லாம் வெள்ளை நுரை. மருமகள் மண்டிபோட்டுத் துணியால் ஒற்றிப் பிழிந்துகொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து நின்றாள். அவர் தொட்டியைப் பார்த்தார். பக்கவாட்டுக் கண்ணாடி அங்கே இருப்பதே தெரியாத அளவுக்குப் பளிச்சென்றிருந்தது. ஊதாப் படிவம் போன இடம் தெரியவில்லை. சட்டத்தின் ஓரத்தில் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு. காற்றில் பாத்திர சோப்பின் எலுமிச்சை மணம்.

யாரும் சொல்லித்தான் அவருக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. கேட்டுவிட வாயெடுத்தார். கண்ணாடியைத் தொடுகிறதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? துண்டை எடுக்கவும் ஜன்னலைச் சாத்தவும் கேட்கிறவளுக்கு, இதைக் கேட்கத் தோன்றவில்லையா?

"மாமா, நான்..." என்று ஆரம்பித்தவள், பிழிந்த துணியையே மறுபடியும் பிழிந்தாள்.

இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோய் உள்ளே மாட்டிக்கொண்டவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். கதவைப் பிரித்ததும் தெரிகிற முகம் எல்லோருக்கும் ஒன்றுதான். எந்த பட்டனை அழுத்தினாய், எதற்கு அழுத்தினாய் என்று அவர் எவரையும் கேட்டதில்லை. கையை நீட்டுவார், வெளியே இழுத்துவிடுவார். இந்தப் பெண்ணின் முகமும் அப்படித்தான் இருந்தது.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார். "அந்த டிரம் மூடியைத் திறம்மா." ஸ்பாஞ்சை எடுத்துத் தன் பேன்ட் பையில் சொருகிக்கொண்டார்.

எப்போதும் ஒரு டிரம் உப்புத் தண்ணீர் கரைத்துத் தயாராக வைத்திருப்பார். குழாயைப் போட்டுத் தொட்டித் தண்ணீரை இறக்கி, இதை ஏற்றினார்கள். போதவில்லை. வாளிகளில் மேலும் கரைத்தார்கள். அவள் கலக்கக் கலக்க அவர் தூக்கி ஊற்றினார். விஷத்தை உறிஞ்சும் கரிப் பையைத் தண்ணீர் ஓட்டத்தில் கட்டித் தொங்கவிட்டார். பாதியில் நர்ஸம்மாள் வந்தாள். கூடத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"என்னாச்சு?"

"நுரை மிஷின் மக்கர் பண்ணிடுச்சு" என்றார், வாளியைப் பார்த்துக்கொண்டே.

அவள் கையிலிருந்த வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, வார்டில் நிற்பதுபோல நடுவில் நின்றுகொண்டு, "நீங்க ஊத்துங்க. நீ தொடை. கரைக்கிறதை நான் பார்த்துக்கிறேன்" என்றாள்.

காலையில் மீன்களும் நத்தைகளும் பிழைத்திருந்தன. இறால்கள் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. நடுமேட்டில் அசைந்துகொண்டிருந்த பவளம் சதை கரைந்து வெறும் வெள்ளை எலும்பாக நின்றது. லிஃப்ட்காரர் ஒரு சின்ன வலையால் இறால்களை எடுத்து இலையில் வைத்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பின்கட்டில் நின்றார். பின்கட்டிலிருந்து பார்த்தால் மருமகளின் அறை ஜன்னல் தெரியும். உள்ளே, கட்டிலின் மேல், துணி அடுக்கிய ஒரு பெட்டி திறந்திருந்தது. அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

சம்பந்திகள் வந்தார்கள். பெண்ணின் அப்பா தொட்டி முன்னால் போய்க் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "பவளம் பவளம்னு சொன்னீங்க சம்பந்தி, எலும்புக்கூடா நிக்குதே?"

"மிஷின் ஒண்ணு கோளாறு..." என்று லிஃப்ட்காரர் தொடங்கினார்.

"இல்லப்பா." மருமகள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "நான்தான். நீங்க வர்றீங்களேன்னு சோப்பு போட்டுத் தேச்சுட்டேன். அழுக்குன்னு நெனச்சேன். மாமா எனக்காகப் பொய் சொல்றாரு."

அவளுடைய அம்மா எழுந்தாள். "அறிவிருக்காடி உனக்கு? போன எடத்துல..."

"கொஞ்சம் இருங்க சம்பந்தியம்மா" என்றாள் நர்ஸம்மாள். "எங்க வீட்டுப் பொண்ணை எங்க வீட்டுல வச்சே திட்டாதீங்க." பிறகு மருமகளிடம் திரும்பினாள். "எனக்கு நேத்தே தெரியும். உங்க மாமா பேன்ட்டை ஊறப் போட்டா பக்கெட் நெறைய நுரை. பையில ஸ்பாஞ்சை வச்சுக்கிட்டு மிஷின் மேல பழி போடுறாரு. கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இந்த மனுஷன் பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. மொதல் பொய், சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

லிஃப்ட்காரருக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிற பொண்ணு" என்றார் மெதுவாக, "கண்ணாடியில கறையைப் பார்த்தா கை சும்மா இருக்குமா?" மருமகள் சிரிக்கத்தான் போனாள். அதற்குள் அழுகை முந்திக்கொண்டது.

அன்று சம்பந்திகள் மட்டும் ஊர் திரும்ப, கட்டில் மேலிருந்த பெட்டி பரணுக்குப் போயிற்று. அடுத்த வாரம் மீன் கடைக்குப் போகும்போது, "வர்றியாம்மா?" என்று கேட்டார். புதிதாக இறாலும் சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்றும் வாங்கினார்கள். திரும்பி வரும் பேருந்தில் அந்தப் பைகளை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டாள். குலுங்குகிற இடத்திலெல்லாம் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். அன்றிலிருந்து உப்பு நிறுப்பது அவள் வேலை. லென்ஸ் அளக்கிற கண், ஒரு சிட்டிகை கூடக் குறைய விடாது. எந்தத் துண்டுப் பவளம் எந்தப் பக்கம் வளைகிறதென்று அவருக்கு முன்னால் சொல்லிவிடுவாள். ஆனால் தண்ணீருக்குள் மட்டும் கை வைக்கமாட்டாள். எவ்வளவு கழுவினாலும் விரலில் சோப்பு மிச்சமிருப்பதுபோலத் தோன்றுகிறது என்று அத்தையிடம் சொன்னாளாம். அவர் வற்புறுத்தவில்லை.

போன வாரம் ஓர் அலுவலகக் கட்டடத்தில், ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில், லிஃப்டின் கூரை மேல் உட்கார்ந்து அவர் கம்பிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மாமா, பெரிய நத்தை மல்லாக்க விழுந்து கெடக்கு. திரும்ப முடியல. அந்தச் சங்கு நண்டு வேற பக்கத்துல வந்து பார்த்துட்டுப் பார்த்துட்டுப் போகுது, தின்னுடும்போல."

"அத்தை இல்லையா?"

"டியூட்டிக்குப் போயிட்டாங்க. நீங்க வர நேரமாகுமா?"

"ஆகும்மா."

பம்பு ஓடும் சத்தம் போனிலேயே கேட்டது.

"நான் கை வைக்கலாமா மாமா?"

"வையி."

கீழே யாரோ கதவைத் தட்டினார்கள். "என்னங்க, லிஃப்ட் வருமா வராதா?" அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். தண்ணீர் கலங்கும் சத்தம் கேட்டது. "பிடிச்சுட்டேன் மாமா. எந்தப் பக்கம் திருப்பணும்?"

போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, அந்த இருட்டில், கிரீஸ் அப்பிய வலது கையைத் தன் முகத்துக்கு நேரே உயர்த்தினார். நத்தை ஓட்டைப் பிடிப்பதுபோல விரல்களைக் குவித்து, "இப்படி" என்றார். மணிக்கட்டை மெல்ல, மிக மெல்லத் திருப்பினார். "இப்படி... மெதுவா... இப்படி."