தேறாத ஜாடிகள்

தொண்ணூறுகளின் நடுவில், மான்ட்ரியலில் அட்டைப்பெட்டிக்குப் பசை செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் நான் ஆராய்ச்சிப் பிரிவின் தலைவி. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நான், ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை, கலக்கும் மெஷின் ஒன்று, ஃப்ரீசர் இரண்டு. அவ்வளவுதான். அந்த வேலையை இப்போது நினைத்தாலும் உடம்பு அலுத்துப்போகிறது.

புறநகரான பியர்பொன்ட்ஸிலிருந்து நான் காரில் வந்து சேர்வதற்குள், அண்ணை நகருக்குள் கோட்-டெ-நெய்ஜிலிருந்து மெட்ரோவும் பஸ்ஸும் மாறி வந்து, முந்தைய நாள் உறைய வைத்த ஜாடிகளை வெளியே எடுத்து வைத்திருப்பார். எங்கள் பிரச்சினை இதுதான். தண்ணீர் சேர்த்த பசை ஜனவரி மாதத்து லாரியில் உறைந்துவிடும். உருகும்போது திரிந்த பால் மாதிரி கட்டிகட்டியாக நிற்கும். உறைந்து உருகினாலும் கெடாத பசை வேண்டும். அண்ணை ஒரு புதுக் கலவை கிண்டுவார், உறைய வைப்பார், உருக்குவார், குச்சியை விட்டுப் பார்ப்பார். "தங்கச்சி, இதுவும் பிழைச்சுப்போச்சு" என்பார். பிழைச்சது என்றால் அவர் ஊர்ப் பேச்சில் தப்பாகிவிட்டது என்று அர்த்தம். இரண்டு குளிர்காலம் இதைக் கேட்டுக்கொண்டேதான் காலைக் காபியைக் குடித்தேன்.

அண்ணை ஊரில் ஒரு சீமெந்துத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட, நானும் அவர் ஊர் வழக்கப்படி அண்ணை என்று பழகிக்கொண்டேன். அவருடைய அம்மா கொழும்பில் ஒரு வாடகை அறையில் தனியாக இருந்தார். அம்மாவை ஸ்பான்சர் செய்து கூப்பிட வேண்டுமானால் நிலையான வேலையும் சம்பளமும் காட்ட வேண்டும். விண்ணப்பம் போட்டாகிவிட்டது. சோதனைக்கூடத்தை மூடிவிட்டால் எல்லாம் போச்சு. இதை அவர் ஒரு தடவைதான் சொன்னார். நான் மறக்கவில்லை. மறக்காமல் இருந்து என்ன பிரயோஜனம்?

சோதனைக்கூடம் நடந்ததே மத்திய அரசின் தயவில். தொழிற்சாலைகள் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அரசின் கொள்கை. செய்தால், செலவில் ஒரு பங்கு வரி வழியாகத் திரும்ப வரும். முதலாளி, கியூபெக்காரர், நல்ல மனிதர், அதை நம்பித்தான் எங்கள் இருவரையும் வைத்திருந்தார். ஆனால் அந்த வருஷங்களில் ஒட்டாவா அரசு எல்லாவற்றிலும் கையைச் சுருக்கிக்கொண்டிருந்தது. எங்களைப் போன்ற சின்ன இடங்களுக்கும் ஆளை அனுப்பிச் சோதிக்கத் தொடங்கினார்கள்.

அந்த வரிச் சலுகைக்கான விளக்கப் புத்தகத்தை நானும் படித்தேன். ஜெயித்தாக வேண்டும் என்றில்லை, விடை தெரியாமல் முறையாகத் தேடியிருந்தால் போதும் என்று அதில் தெளிவாகவே போட்டிருந்தது. நான் நம்பவில்லை. தோற்றதற்கு எந்த அரசாங்கம் காசு கொடுக்கும்? நான் படித்த தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கல்லூரியில் இரண்டு நோட்டு வைத்திருப்போம். அப்சர்வேஷன் நோட்டில் பென்சிலால் கிறுக்குவோம். சரியாக வந்ததை மட்டும், வராவிட்டால் வரவழைத்து, பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதுவோம். பேராசிரியரின் கையெழுத்து ரெக்கார்டுக்குத்தான். மற்றது பழைய பேப்பர் கடைக்குப் போகும்.

இரண்டாவது குளிர்காலத்தின் கடைசியில் ஒரு கலவை தேறியது. அன்று அண்ணை சிரித்ததைப் பார்க்க வேண்டுமே! அதற்கப்புறம் நாலைந்து ஞாயிற்றுக்கிழமை நான் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை. நோக்கம், கருவிகள், செய்முறை, முடிவு என்று தலைப்புப் போட்டு, தேறிய கலவையை மட்டும், அது தேறிய நாளின் தேதியும் அண்ணையின் பெயரும் போட்டு, ஒரு தடித்த நோட்டில் எழுதினேன். அண்ணை இரண்டு வருஷமாக எழுதித் தந்த கறை படிந்த தாள்களைக் குப்பையில் போட்டேன். "அச்சடிச்ச மாதிரி இருக்கு" என்றார் என் கணவர். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அரசாங்கத்திலிருந்து ஆள் வருவதற்கு முதல் நாள் ஃப்ரீசரைத் திறந்தேன். தேறாத ஜாடிகள் தேதிச் சீட்டோடு வரிசையாக இருந்தன. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வரப்போகிறார் என்ற அந்தப் பழைய பயம் வந்துவிட்டது.

"அண்ணை, இதையெல்லாம் கொட்டிடுங்க. பார்க்கவே அசிங்கமா இருக்கு."

"எல்லாத்தையுமோ?" அவர் தயங்கினார். "ஒண்டிரண்டை வைச்சிருப்பமே, தங்கச்சி? கேட்டால் காட்டலாம்."

"தப்பா வந்ததை யாராவது காட்டுவாங்களா?"

"ஓம், நீங்கள் சொன்னால் சரி" என்று சொல்லிவிட்டு, மத்தியானம் முழுக்கச் சுரண்டிக் கழுவினார்.

வந்தவர் வேதியியல் படித்த, அமைதியான மனிதர். நோட்டைப் பொறுமையாகப் புரட்டி, அழகாக இருக்கிறது என்றார். பிறகு, "வேலை செய்யாதவை எங்கே?" என்று கேட்டார். நான் நோட்டையே மறுபடி அவர் பக்கம் தள்ளினேன். முதல் தடவையே சரியாக வந்திருந்தால் விடை உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, தெரிந்ததைச் செய்வது ஆராய்ச்சி ஆகாது என்று விளக்கினார். அண்ணை முன்னால் வந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எந்தக் கலவை எந்த வாரம் எப்படிக் கெட்டது என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். வந்தவர் முழுவதையும் கேட்டார். "உங்களை நம்புகிறேன். ஆனால் எழுதி வைத்திருக்க வேண்டும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு இன்றும் மனம் வரவில்லை.

வரிச் சலுகைக்கான எங்கள் விண்ணப்பம் தள்ளுபடி ஆனது. இனி ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்றார் முதலாளி. நோட்டு என் கையெழுத்தில் இருந்ததால் நான் தங்கினேன். என்னை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். பியர்பொன்ட்ஸ் வீட்டுக்கடன் நினைவுக்கு வந்தது, வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

கடைசி நாளில் அண்ணை கோபப்படவே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"தங்கச்சி, ஒரு கடிதம் மட்டும் தாங்கோ. இந்த ரெண்டு வருசமும் நான் இஞ்ச என்ன செய்தனான் எண்டு. அதைக் காட்டி வேற இடத்தில வேலை எடுத்தால், அம்மான்ர அலுவல் நிண்டுபோகாது."

உடனே எழுத உட்கார்ந்தேன். முதலாளி கதவருகில் நின்று, அரசின் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்திருக்கிறோம், நோட்டில் இல்லாத எதையும் கடிதத்தில் எழுதிவிடாதே என்றார். நோட்டைத் திறந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தேடினேன். நான் எழுதி வைத்திருந்தபடி, அண்ணை எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரே ஒரு நாள்தான் வேலை செய்திருந்தார்.