கடைசி அத்தியாயத்துக்குப் போட்ட தையல்

வாடகைக்குப் புத்தகம் விடுகிற தொழிலில், வெளியே போன புத்தகம் வீடு திரும்பினால்தான் நமக்கு நிம்மதி. தொண்ணூறுகளின் கடைசியில் திருவொற்றியூர் தேரடிப் பக்கம், எஸ்.டி.டி. பூத்துக்கும் தையல் கடைக்கும் நடுவில் எனக்கு ஒரு லைப்ரரி இருந்தது. ஊருக்கே நான் 'லைப்ரரிக்கா'. நல்ல நாவல் ஒன்றைப் படித்து முடித்ததும், அதை இன்னொருத்தர் தலையில் கட்டாமல் சோறு இறங்காதவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நான் பட்ட பாடு அவர்களுக்குப் புரியும்.

இலவச இணைப்பு

என் கடையில் ஓடியது மாத நாவல்கள்தான். முதல் பக்கத்தில் கொலை, கடைசிப் பக்கத்தில் கைது. நான் ஆசை ஆசையாகச் சேர்த்த பெரிய நாவல்கள் மேல்தட்டில் தூசி தின்றுகொண்டிருந்தன. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு சட்டம் போட்டேன். இரண்டு மாத நாவல் எடுத்தால், ஒரு கெட்டி அட்டை நாவல் சும்மா. அது வேண்டாம் என்றால் மற்ற இரண்டும் கிடையாது.

முதலில் மாட்டியது மீன் ஏலம் எடுக்கும் தனம். "சும்மா குடுத்தா வாங்கிக்கணும்னு சட்டமா?" என்று என்னைக் கிழி கிழி என்று கிழித்துவிட்டுத்தான் வாங்கிப் போனாள். அடுத்த வாரம் வந்தபோது முகமே சரியில்லை. புத்தகத்தை மேஜையில் வைத்தாள். பிறகு சொன்னாள்: "முந்நூறு பக்கம் தாண்டியும் ஒருத்தனும் சாவல. ஆனா எனக்கு இன்னாவோ பயமாவே இருந்துச்சிக்கா."

பெருமாளால் வந்த வினை

பெரம்பூரில் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டிருந்த பெருமாளண்ணன் எந்தப் புத்தகத்தையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. கடை வாசலில் நின்று, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் முடிவைச் சொல்லிவிடுவார். நான் மன்றாடிக் கொடுத்த நாவல்கள் எல்லாம் பாதியிலேயே திரும்பி வந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் பக்கத்துத் தையல் கடையில் ஊசி நூல் வாங்கி, எல்லாப் பெரிய நாவல்களிலும் கடைசி அத்தியாயத்தின் தாள் ஓரங்களைச் சேர்த்து ஓட்டுத்தையல் போட்டுவிட்டேன். அதுவரை படித்து வந்தவர் நூலை வெட்டிக்கொள்ளலாம். புத்தகம் திரும்பி வந்ததும் நான் மறுபடி தைத்துவிடுவேன். நூல் அறுந்திருந்தால் படித்து முடித்தாயிற்று, அறாமல் இருந்தால் பாதியில் விட்டாயிற்று. என்னிடம் யாரும் பொய் சொல்ல முடியாது.

பெருமாளண்ணன் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "புக்கு கேட்டா இன்னாத்துக்கும்மா கோணி மூட்டைய தூக்கிக் குடுக்குற?"

நீல அட்டை

தனம்தான் ஸ்டெல்லாவை அழைத்து வந்தாள். இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. புருஷன் ஆரோக்கியம் போட்டில் கடலுக்குப் போகிறவன். ஸ்டெல்லாவுக்குக் கட்டாயமே தேவைப்படவில்லை. மேல்தட்டைத் தானே பார்த்து எடுப்பாள். இப்படி ஒருத்தி கிடைத்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளதிலேயே எனக்கு உயிரான நாவலை எடுத்துக் கொடுத்தேன். பேரைச் சொல்ல மாட்டேன், கடையில் எல்லாரும் அதை நீல அட்டை என்பார்கள். அதில் ஒரு மனைவி ஒரு நாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலைப் பார்த்து நிற்கிறாள். அதற்குப் பிறகு என் தையல்.

ஒரு நாள் காலை கடை திறக்கும்போதே ஆரோக்கியம் அந்த நீல அட்டையோடு வாசலில் நின்றான். முந்தின நாள் ராத்திரி கடலிலிருந்து பசியோடு வந்திருக்கிறான். உலை வைக்கவில்லை, ஸ்டெல்லா புத்தகத்தில் இருந்திருக்கிறாள். "புக்கோடயே போய் குடும்பம் நடத்து" என்று கத்தியிருக்கிறான். அவள் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனவள்தான். விடிந்தும் வரவில்லை. நீல அட்டையை முன்பே எடுத்துப் போயிருந்த தனம் வேறு, கதையில் வருகிறவள் கடலைப் பார்த்து நிற்பதுவரை அவனிடம் சொல்லி வைத்திருக்கிறாள். தையலைப் பிரிக்கவில்லை, முடிவு தெரியாது என்று சொல்லும் அறிவு மட்டும் தனத்துக்கு இருந்தது. புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். தையல் அறுபடவில்லை. ஸ்டெல்லா முடிவைப் படிக்காமலேயே போயிருக்கிறாள்.

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. "அந்தக் கதையில வர்ற பொம்பள கடல்ல எறங்கிட்றாளாக்கா? அத்த மட்டும் சொல்லு."

ஜோடிச் செருப்பு

நான் வாயைத் திறப்பதற்குள் ஆள் ஓடி வந்துவிட்டது. கடலரிப்புக்குக் கொட்டியிருந்த பாறைகள் மேல் ஒரு ஜோடி செருப்பு கிடக்கிறதாம். கடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு ஓடினேன். எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் நகராமல் நின்றன, இடுக்கில் புகுந்து போனோம். அதற்குள் பாறைமேல் கூட்டம். இரண்டு கட்டுமரம் தண்ணீரில் இறங்கியாயிற்று. தேய்ந்த ரப்பர் செருப்பு, யாருடையதாகவும் இருக்கலாம். ஆரோக்கியம் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறான், கீழே வைக்கிறான், மறுபடி எடுக்கிறான். தன் பெண்டாட்டி என்ன செருப்பு போடுவாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். வாரா வாரம் என் கடை வாசலில் கழற்றிவிட்டு வருகிறவள் ஆயிற்றே. இது அவளுடையது இல்லை என்று சொல்லக் கூட்டத்தை இடித்துக்கொண்டு அவனிடம் போனேன்.

அப்போது பாறைக்குக் கீழேயிருந்து, இடுப்புவரை நனைந்த ஒரு பெரியவர் பையோடு ஏறி வந்தார். கூட்டத்தைப் பார்த்தார், ஆரோக்கியத்தின் கையைப் பார்த்தார். "இன்னா நைனா, நண்டு புடிக்க எறங்குனா செருப்ப தூக்கிக்கினு போயிடுவ போலகீதே?"

கத்திரிக்கோல்

கடைக்குத் திரும்பியதும் அவன் மறுபடி அதையே கேட்டான். எங்கள் கடையில் முடிவு சொல்கிற வழக்கம் இல்லை என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? கதையில் வருகிறவள் கடலில் இறங்கவில்லை என்றால், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைப்பான். இறங்கினாள் என்றால் அங்கேயே விழுந்துவிடுவான். கத்திரிக்கோலை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். நீயே வெட்டி நீயே படி என்றேன்.

ஆரோக்கியம் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாக விரல் வைத்து, உதடு அசையப் படித்தான். புத்தகம் மாற்ற வந்தவர்கள் வாசலிலேயே நின்றார்கள். பெருமாளண்ணனுக்கு முடிவு தெரியும். அவர்கூட அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மத்தியானம் தாண்டிவிட்டது. என்னால் அவனைப் பார்க்க முடியவில்லை, அடுக்கிய புத்தகத்தையே மறுபடி மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு வழியாக மூடினான். மூக்கைத் துடைத்துக்கொண்டு, வெட்டின நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னான்: "இத்த படிக்காம அவளால இருக்க முடியாதுக்கா. எங்க இருந்தாலும் இங்கதான் வருவா."

வலை நூல்

புத்தகத்தைக் கொண்டுபோனவன் மறுநாள் காலையில் திருப்பிக் கொண்டுவந்தான். கடைசி அத்தியாயத்தை அவனே மறுபடி தைத்திருந்தான். வலை பின்னுகிற ஊசியால், பச்சை நைலான் நூலில், ஓரத்தில் பெரிய முடிச்சு. அவள் வந்தால் கொடுக்கச் சொன்னான். முடிவை நீயும் சொல்லாதே, நானும் சொல்ல மாட்டேன் என்றான். கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வாசலில் நிழல் விழும்போதெல்லாம் எழுந்து எட்டிப் பார்த்தேன்.

சாயங்காலம் ஸ்டெல்லா வந்து நின்றாள். எர்ணாவூரில் சித்தி வீட்டில் இருந்தாளாம். ஊரே உன்னைக் கடலில் தேடுகிறதடி பாவி என்று கத்திவிட்டு, நானே அழுதுவிட்டேன். அவள் புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீல அட்டையைத்தான் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். பச்சை நூலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். கட்டைவிரலால் அந்த முடிச்சை ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தாள். நான் கத்திரிக்கோலை நகர்த்தினேன். அவள் அதை என் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

"இது வலை நூலுக்கா, இத்த அறுக்குற கத்தி எங்க வூட்லதான் கீது. போய் அறுத்து, படிச்சி முடிச்சப்பறம்தான் அந்தாளாண்ட பேசுவேன்."

அவர்கள் பேசிவிட்டார்கள் என்று தனம் வந்து சொன்னாள், ஆனால் அந்த நீல அட்டை மட்டும் இன்றுவரை என் கைக்குத் திரும்பவில்லை, போய்க் கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.